தப்பு வைத்துப் பேசிய ஊர்

உப்போடை ஊருக்குள் தென்மேற்குக் காற்று நுழைந்து, உப்பளங்களின் வெள்ளையை அள்ளிக்கொண்டு வந்து சன்னல் கம்பிகளிலும் கொடித்துணிகளிலும் மனிதர்களின் உதடுகளிலும் பூசிவிட்டுப் போகிற ஆனி மாதத்தில், ஒரு திங்கட்கிழமை காலை, சைக்கிள் கடை மாடியில் இருந்த சீயோன் கோச்சிங் சென்டரில் வங்கித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கு ஆங்கிலம் எடுத்துக்கொண்டிருந்த சுகிர்தா டீச்சர், போர்டில் ஏ, பி, சி என்று துண்டு துண்டாகப் பிரித்து எழுதிப் போட்டிருந்த வாக்கியத்தில் தப்பு இருந்த இடத்தைச் சுழித்துக் காட்டி, அந்தச் சொல்லை அழித்து, திருத்திய வாக்கியத்தை ஒருதரம் வாய்விட்டு வாசித்தாள். இந்த பெஞ்சு அந்த பெஞ்சைவிட நீளமானது. அவ்வளவுதான் வாக்கியம். வாசித்து வாய் மூடுவதற்குள் சன்னலோர பெஞ்சு ஒரு சாண் நீண்டு கதவில் போய் இடித்தது, சுவரோர பெஞ்சு ஒரு சாண் குறைந்தது, குறைந்த பெஞ்சின் நுனியில் இருந்த பால்துரை தரையில் உட்கார்ந்திருந்தான்.

"டீச்சர், தப்பு பி பார்ட்லயா, சி பார்ட்லயா?" என்று அவன் தரையில் இருந்தபடியே கேட்டான், ஏனென்றால் தேர்வுக்குக் கொஞ்ச நாள்தான் இருந்தது.

"பி" என்றாள் சுகிர்தா. எல்லோரும் பி என்று எழுதிக்கொண்டார்கள்.

ஊருக்குள் புதிதாக ஒரு மினி பஸ் விட்டால் அது எத்தனை மணிக்கு வருகிறது, எங்கே நிற்கிறது, கையைக் காட்டினால் நிறுத்துகிறானா என்று பார்த்து வைத்துக்கொள்கிற மாதிரி, அந்த வாரத்துக்குள் ஊர் இதையும் பார்த்து வைத்துக்கொண்டது. ஆங்கிலத்தில் சொன்னால்தான் நடந்தது. தமிழில், அதைவிட இது பெரிசு, அவளைவிட இவள் சிவப்பு என்று விடிந்ததிலிருந்து அடைகிறவரை சொல்லிச் சொல்லி அந்த வாக்கியம் தேய்ந்து போய்விட்டது, அதில் இனி ஒன்றும் நகராது என்று பால்துரையின் அப்பா டீக்கடையில் விளக்கம் சொன்னார். வாயால் சொன்னால்தான் நடந்தது, எழுதினால் நடக்கவில்லை. ஒன்றுக்கு ஒன்று சமம் என்று சொன்னால் எதுவும் அசையவில்லை. இதுதான் எல்லாவற்றிலும் பெரியது என்று சொன்னாலும் அசையவில்லை, யாரிடமிருந்து எடுப்பது என்று சொல்ல வேண்டுமே. முக்கியமாக, பொறாமைக்கு எட்டுகிற தூரத்தில் இருப்பதோடு ஒப்பிட்டால்தான் நடந்தது. கடைத்தெரு ஜவுளிக்கடைக்காரர் தன் கடை சென்னையில் இருக்கிற பெரிய கடையைவிடப் பெரியது என்று காலையிலிருந்து சாயங்காலம் வரை சொல்லித் தொண்டை கட்டிப்போனதுதான் மிச்சம். எதிர்த்த வரிசைக் கடையைவிடப் பெரியது என்று ஒருதரம் சொன்னதும் அவர் கடைக்கு ஒரு ஷட்டர் கூடியது, எதிர்த்த கடையில் தைத்துக்கொண்டிருந்தவர் தையல் மெஷினோடு ரோட்டில் இருந்தார்.

ஆனால் எல்லாவற்றையும்விட ஊருக்கு நிம்மதியாக இருந்தது ஒன்று உண்டு. வாக்கியத்தில் ஒரு சிறு தப்பு இருந்தாலும் நடக்கவில்லை.

உப்போடையில் பேசுகிற ஆங்கிலத்தில் தப்பில்லாத வாக்கியம் என்பது கார்த்திகை மாதத்துக் கல் உப்பு மாதிரி, தேடினாலும் கிடைக்காது. அதனால் முதல் மாதம் பெரிய சேதம் இல்லை. ஊட்டியில் தங்கிப் படிக்கிற பையன் ஒருத்தன் லீவுக்கு வந்த இடத்தில் சித்தப்பா மகனிடம் நான் உன்னைவிட உயரம் என்று இங்கிலீஷில் சொல்லி, சொன்ன மாதிரியே ஆகி, சித்தப்பா மகன் போன வருஷத்துக் கால்சட்டையை மறுபடி தேடி எடுக்க வேண்டி வந்தது. அதற்கப்புறம்தான் தாய்மார்கள் விழித்துக்கொண்டார்கள். பிள்ளையை வெளியே எடுக்கும்போது கன்னத்தில் மை வைப்பது ஊரில் எல்லா வீட்டிலும் உண்டு. கோயிலுக்குப் போகிறவர்களும் வைப்பார்கள், சர்ச்சுக்குப் போகிறவர்களும் வைப்பார்கள், பாஸ்டரைக் கண்டால் மட்டும் முந்தானையால் துடைத்துவிடுவார்கள். அதே போலப் பேச்சுக்கும் மை வைக்க வேண்டும் என்று ஆனது. ஒருவர் பிள்ளையை, ஒருவர் வீட்டை, ஒருவர் மருமகளை இங்கிலீஷில் பாராட்டுகிறவர் வாக்கியத்தில் எங்கேயாவது ஒரு தப்பு வைத்துச் சொல்ல வேண்டும், அதுதான் மரியாதை. தப்பில்லாமல் சொல்லிவிட்டால், "ஒரு தப்பு வச்சுச் சொல்லுங்கக்கா, வளருத பிள்ள" என்று முகத்துக்கு நேரே கேட்டார்கள். சொன்ன வாக்கியத்தில் தப்பு இருக்கிறதா இல்லையா என்று தெரிந்தால்தானே தூங்க முடியும் என்று, பரீட்சை எழுதுகிற எண்ணமே இல்லாத பெண்கள் மத்தியான வேளையில் இடுப்பில் பிள்ளையோடு சைக்கிள் கடை மாடி ஏறி, சீயோன் கோச்சிங் சென்டரில் பின்வரிசையில் உட்கார்ந்து தப்புக் கண்டுபிடிக்கப் படித்தார்கள். போர்டில் தப்பு வாக்கியத்தைப் போட்டால் அவர்கள் முகம் மலர்ந்தது. திருத்தியதும் பிள்ளையின் காதைப் பொத்தினார்கள். சுகிர்தாவும் திருத்தியதை வாய்விட்டு வாசிப்பதை விட்டுவிட்டாள்.

அப்படியும் ஊர் பயந்த ஆள் ஒருத்திதான், அது சுகிர்தாதான்.

அவள் பாளையங்கோட்டையில் கன்னியாஸ்திரீகளின் கான்வென்ட்டில் படித்தவள். தமிழில் ஒரு வார்த்தை வந்தால் வராந்தாவில் முழங்கால் போட வைத்தார்கள், இங்கிலீஷில் ஒரு தப்பு வந்தால் ஸ்கேலின் விளிம்பால் விரல் முட்டியில் தட்டினார்கள், அப்படித் தட்டித் தட்டி அவள் நாக்கிலிருந்து தப்பு என்பதையே எடுத்துவிட்டார்கள். மற்றவர்களைப் போலத் தப்பு வைத்துப் பேசிப் பழகலாம் என்று அவள் கண்ணாடி முன்னால் நின்று எவ்வளவோ முயன்றாள். தேவையில்லாத சொல் ஒன்றை நடுவில் கொண்டுபோய் வைத்தால், ஆடு தண்ணீரைத் தாண்டுகிற மாதிரி நாக்கு அதைத் தாண்டிக்கொண்டு சரியான இடத்தில் போய் நின்றது. அவள் தெருவில் வந்தால் பிள்ளைகளை உள்ளே தூக்கினார்கள். எதிர்வீட்டு ஸ்டெல்லா ஒருநாள் வாசலிலேயே மறித்துச் சொன்னாள்.

"டீச்சர், பிள்ளையப் பாத்து எதுவும் சொல்லிறாதீங்க."

"நான் ஒண்ணும் சொல்லல."

"அந்த ஒண்ணும் சொல்லலங்கதையும் தமிழ்லயே சொல்லுங்க."

இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் பொன்மலர்.

பொன்மலர் சுகிர்தாவின் ஓரகத்தி, கணவனின் அண்ணன் எபனேசரின் மனைவி, அதே வீட்டின் கீழ்த்தளத்தில் இருந்தாள். உள்ளூர்ப் பள்ளிக்கூடத்தில் பிளஸ் டூ வரை தமிழில் படித்தவளுக்கு இங்கிலீஷ் என்றால் ஆசை, திருவிழாவில் ராட்டினத்தைக் கண்ட பிள்ளையின் ஆசை. விழுந்துவிடுவோம் என்ற பயம் இல்லாமல் ஏறி உட்கார்ந்து சுற்றினாள். "யுவர் பேபி இஸ் மோர் ஃபேட்டர் தேன் ஆல் பேபி" என்பாள், "யுவர் சாரி மோஸ்ட் நைசர்" என்பாள். முன்பெல்லாம் அதைக் கேட்கும்போது சுகிர்தாவுக்குப் பல் கூசும், உள்ளுக்குள் ஒரு சாக்பீஸ் கிளம்பித் தப்புகளை ஒவ்வொன்றாகச் சுழிக்கும். இப்போது அதே இங்கிலீஷுக்காக ஊர் பொன்மலரைத் தேடி வந்தது. பெயர் வைப்பு, காதுகுத்து, புது வீடு, எதுவானாலும், "பொன்மலரக் கூப்பிடுங்க, அவ வாய் நிறையப் பாராட்டுவா, ஒண்ணும் ஆகாது" என்றார்கள். பெரிய பெரிய புகழ்ச்சிகளை அவள் அள்ளி வீசினாள், ஒரு பிள்ளைக்கும் ஒரு பொட்டு எடை குறையவில்லை. அவளுக்குத் தாம்பாளத்தில் வெற்றிலையும் பழமும் வந்தன. சுகிர்தாவுக்குச் சாத்தின கதவுகள் வந்தன.

அதைக்கூடத் தாங்கிக்கொண்டிருப்பாள். தாங்க முடியாதது பிள்ளைகள் விஷயம்.

இரண்டு பேருக்கும் ஒரே ஆஸ்பத்திரியில் ஒரே வாரத்தில் பிள்ளை பிறந்தது. பொன்மலருக்குப் பெண், ஜோவிட்டா. சுகிர்தாவுக்குப் பையன், ஆரோன். பிறக்கும்போது பார்த்தால் இரண்டும் ஒரு கைப்பிடி வித்தியாசம்தான். அப்புறம் ஜோவிட்டா உலையில் போட்ட அரிசி மாதிரி நாளுக்கு நாள் மலர்ந்தாள், தொடையில் நூல் கட்டி இறுக்கின மாதிரி மடிப்பு மடிப்பாக விழுந்தது. ஆரோன் நீளமாகிக்கொண்டே போனான், பருக்கவில்லை. தொடைத்தோல் அவனுக்குப் பெரிய சட்டை போட்ட மாதிரி தொளதொளவென்று இருந்தது. பயத்தில் சுகிர்தாவுக்குப் பால் வற்றிப்போய், டப்பாப் பாலைக் கலக்கிக் கொடுத்தாள், அவன் பாதியில் களைத்துத் தூங்கிவிட்டான். ராத்திரியில் எழுந்து எழுந்து அவன் மூக்கின் கீழே விரலை வைத்துப் பார்த்தாள். புதன்கிழமை தோறும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் துணித் தூளியில் பிள்ளையைப் போட்டுத் தராசில் தொங்கவிடுவார்கள். ஜோவிட்டாவைப் போட்டால் முள் தடாலென்று இறங்கும், வரிசையில் நிற்கிற பெண்கள் சிரிப்பார்கள். ஆரோனைப் போட்டால் முள் கொஞ்சம் யோசிக்கும், வரிசை அமைதியாகிவிடும். அந்த அமைதியைத்தான் சுகிர்தாவால் பொறுக்க முடியவில்லை.

"வார புதனுக்குள்ள ஏறலன்னா தூத்துக்குடிக்கு எழுதிக் குடுத்துருவேம்மா" என்றாள் நர்ஸ். "பெட்ல சேத்து மூக்கு வழியா குழாய் போட்டு ஊட்டணும். போன மாசம் ஒரு பிள்ளைய இப்படி அனுப்பினோம்." அந்தப் பிள்ளை என்ன ஆனது என்று சுகிர்தா கேட்கவில்லை, நர்ஸும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் பொன்மலர் ஜோவிட்டாவை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றி மாற்றி, "என்னா கனம் கனக்கா, கை விட்டுப் போவுது" என்று அலுத்துக்கொண்டே நடந்தாள். அலுத்துக்கொள்ள ஒரு கனம் வேண்டும் என்று சுகிர்தா நினைத்தாள். கைவலிக்க வேண்டும் எனக்கும், தோள் இறங்க வேண்டும் எனக்கும், யாராவது வாங்கிக்கொள்ளுங்களேன் என்று ஒருநாளாவது நானும் அலுப்போடு நீட்ட வேண்டும் என்று நினைத்தாள். அந்த நினைப்பு சாப்பிடும்போதும் கூட உட்கார்ந்தது, ஜெபம் பண்ணும்போதும் கூட முழங்கால் போட்டது. ஒரு வாக்கியம். அவளிடம் இருந்தது, ஊரில் வேறு யாரிடமும் இல்லை. எட்டுகிற தூரத்தில், ஒரே கூரைக்குக் கீழே, எடுக்க எடுக்கக் குறையாத மாதிரி ஒரு பிள்ளை மடிப்பு மடிப்பாகச் சிரித்துக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை மத்தியானம் அண்ணன் தம்பி இரண்டு பேரும் துறைமுகத்துக்கு வேலைக்குப் போயிருந்தார்கள். மொட்டைமாடியில் மோர் மிளகாய் காய்ந்துகொண்டிருந்தது. திடீரென்று காற்று திரும்பி நாலு சொட்டு விழுந்தது.

"சுகிர்தா, இவளச் செத்தப் பாத்துக்கோளா, மொளகாய அள்ளிட்டு வந்துருதேன்" என்று பொன்மலர் ஜோவிட்டாவைக் கொண்டுவந்து ஆரோனுக்குப் பக்கத்தில் பாயில் விட்டாள்.

"என்கிட்டயா விட்டுட்டுப் போற?"

"பின்ன?"

"ஸ்டெல்லா என்னப் பாத்தா கதவச் சாத்துதா."

"அவ கெடக்கா. ஒனக்குப் போயி நான் பயப்படுவனா" என்று சொல்லிவிட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பொன்மலர் படி ஏறினாள். அவள் ஏறுகிற சத்தம் கேட்டது. மேலே தட்டை இழுக்கிற சத்தம் கேட்டது.

பாயில் ஆரோன் பாட்டில் ரப்பரை வாயில் வைத்தபடி தூங்கிப்போயிருந்தான், நெற்றியில் ஒரு நரம்பு பச்சையாகத் தெரிந்தது. ஜோவிட்டா ஃபேனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு காலை உதறினாள், உதறும்போதெல்லாம் வெள்ளிக் கொலுசு அவள் கணுக்காலின் சதைக்குள் புதைந்து புதைந்து எழுந்தது. அந்தக் கொலுசைப் பார்த்தபடி, எலக்யூஷன் போட்டியில் மேடை ஏறின பிள்ளையைப் போல முதுகை நிமிர்த்தி, ஒவ்வொரு எழுத்துக்கும் உரிய இடத்தில் நாக்கை வைத்து, சுகிர்தா சொன்னாள்.

"ஆரோன் இஸ் ஹெவியர் தேன் ஜோவிட்டா."

மாவு புளித்துப் பானையில் பொங்குகிற மாதிரி, அவசரமே இல்லாமல் ஆரோனின் கன்னம் எழுந்தது, கழுத்து மறைந்தது, நெற்றி நரம்பு உள்ளே போனது, தொடையில் ஒரு மடிப்பு விழுந்து அதற்குக் கீழே இன்னொரு மடிப்பு விழுந்தது. ஜோவிட்டா சிரிப்பதை நிறுத்தினாள். காலை ஒருதரம் உதறினாள். கொலுசு குதிகாலைத் தாண்டிக் கழன்று பாயில் போய் விழுந்தது.

சுகிர்தா மகனைத் தூக்கினாள். தூக்கியதும் தோள் இறங்கியது, இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்தது, கை வலித்தது. இந்தக் கனம் இல்லாமலா இத்தனை மாதம் இருந்தோம் என்று அவளுக்கு மயக்கமாக வந்தது. அவனைச் சுமந்துகொண்டு அறைக்குள் நடந்தாள், சன்னல்வரை போனாள், திரும்பி வந்தாள், பாய்ப்பக்கம் மட்டும் பார்க்காமல் நடந்தாள்.

பொன்மலர் மிளகாய்த் தட்டோடு இறங்கி வந்து, தட்டை வைத்துவிட்டுக் குனிந்து மகளைத் தூக்கினாள். தண்ணீர் நிறைந்திருக்கிறது என்று நினைத்துத் தூக்கிய குடம் காலியாக இருந்தால் கை எப்படி மேலே போகுமோ அப்படி அவள் கை வேகமாக மேலே போனது. அங்கேயே நின்றாள். மகளைப் பார்த்தாள், சுகிர்தாவின் இடுப்பில் இருந்தவனைப் பார்த்தாள், பாயில் கிடந்த கொலுசைப் பார்த்தாள்.

"சொல்லிட்டியா?"

"ம்."

"தப்பு வைக்கலியா?"

"எனக்கு வைக்க வராதுக்கா. ஒனக்குத் தெரியும்லா."

"தெரியும்" என்றாள் பொன்மலர். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் சுகிர்தாவுக்கு வசதியாக இருந்திருக்கும். அவள் பாயில் மெல்ல உட்கார்ந்து மகளை மடியில் கிடத்தி, தொளதொளத்த தொடையை உள்ளங்கையால் மூடிக்கொண்டாள். "திருப்பிச் சொல்லு."

சுகிர்தா வாயைத் திறந்தாள். வாக்கியம் இருந்தது, பெயர்கள் இரண்டையும் இடம் மாற்றினால் போதும். வாயிலிருந்து காற்று வந்தது. கைகள் மகனை இன்னும் இறுக்கின. மறுபடி திறந்தாள், மறுபடி காற்று. புதன்கிழமைத் தராசும் தூத்துக்குடியும் மூக்குக் குழாயும் தொண்டையில் வந்து நின்றுகொண்டு ஒரு சொல்லையும் வெளியே விடவில்லை.

பொன்மலர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சரி, விடு" என்றாள் கடைசியில். "பெத்த வாயால பிள்ளையக் கொறச்சுச் சொல்ல வராது. எனக்கும் வராது. நானே சொல்லிக்கிடுதேன். தப்பு இருந்தா எங்கன்னு மட்டும் சொல்லு, அது ஒன் தொழில்தான."

பொன்மலர் கண்ணை மூடிக்கொண்டு, கிணற்றில் விழுந்த வாளியைத் துழாவுகிற மாதிரித் துழாவித் துழாவிச் சொன்னாள்.

"ஜோவிட்டா ஆர் மோர் ஹெவி ஆரோன்."

ஒன்றும் ஆகவில்லை. சுகிர்தாவுக்குள் சாக்பீஸ் சுழித்தது.

"ஜோவிட்டா இஸ் மோர் ஹெவி தேன் ஆரோன்."

பொன்மலர் எத்தனையோ மத்தியானங்கள் சைக்கிள் கடை மாடியில் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தவள். கொஞ்சம் கொஞ்சமாக வாக்கியம் கைக்கு வந்துகொண்டிருந்தது. சுகிர்தா ஒவ்வொரு அடியாக அது நெருங்கி வருவதைக் கேட்டுக்கொண்டு நின்றாள்.

"ஜோவிட்டா இஸ் மோர் ஹெவியர் தேன் ஆரோன்." கண்ணைத் திறந்தாள். "இப்பச் சரியா?"

ஒரே ஒரு சொல். அதை எடுத்துவிட்டால் போதும். சுகிர்தா அந்தச் சொல்லைப் பார்த்தாள், சுவரில் எழுதி வைத்த மாதிரித் தெரிந்தது. மகனின் கன்னம் அவள் கழுத்தில் வெதுவெதுப்பாகப் படிந்திருந்தது.

"சரிதான்க்கா" என்றாள்.

"அப்ப ஏன் ஒண்ணும் ஆவல?"

"செத்த நேரம் ஆகும்."

டீச்சர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று பொன்மலர் தலையாட்டினாள். காலை நீட்டிச் சுவரில் சாய்ந்து, மகளைத் தொடையில் போட்டு ஆட்டிக்கொண்டே, அந்தத் தப்பு வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாள். முதலில் மெல்லச் சொன்னாள், பிறகு அது தாலாட்டு மாதிரி ஒரு இழுவைக்குள் போய்விட்டது. ஜோவிட்டா இஸ் மோர் ஹெவியர், மோர் ஹெவியர் தேன் ஆரோன். வெளியே நாலு சொட்டோடு மழை நின்றுபோய் வெயில் திரும்ப வந்தது. ஜோவிட்டாவுக்கு அழுகைகூடச் சரியாக வரவில்லை, பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம் வந்தது. ஒவ்வொரு தரமும் அந்தச் சொல் வரும், ஒவ்வொரு தரமும் சுகிர்தா அதைச் சுழிப்பாள், அது அப்படியே இருக்கும், மறுபடி வரும். வாழ்நாளில் ஒரு தப்பைக் கண்டு சொல்லாமல் அவள் இத்தனை நேரம் இருந்ததில்லை.

நடுவில் பொன்மலர் நிறுத்தினாள். நிமிர்ந்து ஆரோனைப் பார்த்தாள். அவள் முகத்தில் அந்த நேரத்திலும் ஒரு சிரிப்பு வந்தது.

"நல்லா இருக்கான்ளா. கன்னத்தப் பாரு. இப்படி ஒருநா இவனப் பாக்கணும்னு நானும் நெனச்சிக்கிட்டேதான் இருந்தேன்."

சுகிர்தா அந்தச் சிரிப்பைப் பார்த்தாள். பிள்ளையின் கனத்தை எடுத்தாயிற்று, ஊர் கொடுத்த தாம்பாளத்தைக்கூட ஒரு வாக்கியத்தில் எடுத்துவிடலாம். ஆனால் தன் பிள்ளை மடியில் காற்றாகக் கிடக்கும்போது அடுத்தவள் பிள்ளையைப் பார்த்து இப்படிச் சிரிக்கிறாளே, அதை இவளிடமிருந்து எடுத்துத் தனக்கு வைத்துக்கொள்ள எந்தக் கான்வென்ட்டிலும் ஒரு வாக்கியம் சொல்லித் தரவில்லை. இத்தனை நாள் பட்ட பொறாமையெல்லாம் ஒன்றுமில்லை என்கிற மாதிரி ஒரு பொறாமை அவளை நெஞ்சுக்குழியில் பிடித்தது. மகனோடு பொன்மலருக்கு எதிரே பாயில் உட்கார்ந்தாள்.

"அக்கா. ஒரு சொல் கூட இருக்கு."

"எங்க?"

"மோர். அத எடுத்துரு."

பொன்மலர் உடனே சொல்லவில்லை. "எடுக்கட்டா?" என்று கேட்டாள். சுகிர்தா மகனின் முதுகில் இரண்டு கையையும் விரித்து, அந்தக் கனத்தை எத்தனை விரலால் முடியுமோ அத்தனை விரலாலும் தொட்டுப் பார்த்துவிட்டுத் தலையசைத்தாள்.

"ஜோவிட்டா இஸ் ஹெவியர் தேன் ஆரோன்" என்றாள் பொன்மலர். பிறந்ததிலிருந்து அவள் இங்கிலீஷில் சொன்ன முதல் சரியான வாக்கியம் அது.

மணல் கைவிரல்களுக்கு நடுவே போகிற மாதிரி கனம் போனது. சுகிர்தா அது போவதைக் கடைசிவரை விரல்களில் உணர்ந்தாள். ஜோவிட்டா மூச்சை இழுத்து, வீடு அதிர ஒரு அழுகை அழுதாள். அந்தச் சத்தத்தில் ஆரோனும் விழித்து, நரம்பு தெரிகிற நெற்றியைச் சுருக்கி, தன் பங்குக்கு மெல்லிசாக அழ ஆரம்பித்தான். பாட்டில் பால் ஆறிப்போயிருந்தது.

பொன்மலர் மகளை எடுத்துக்கொண்டு எழுந்தாள். கதவுவரை போனாள். ஆரோன் அழுதுகொண்டே இருந்தான். அவள் ஜாக்கெட்டின் முன்பக்கம் ஈரம் வட்டமாகப் பரவிக்கொண்டிருந்தது, அதைக் குனிந்து பார்த்தாள், அங்கேயே நின்றாள். உன்னோடு இனி எனக்குப் பேச்சில்லை என்று சொல்லத்தான் நிற்கிறாள் என்று சுகிர்தா நினைத்தாள்.

"குடு" என்றாள் பொன்மலர்.

"என்னத்த?"

"பிள்ளைய."

சுகிர்தா கொடுக்கவில்லை.

"பசிக்கித பிள்ளைய வச்சிக்கிட்டு என்னத்தளா பாக்க?"

"இத்தன நாள் ஒனக்குத் தோணலியாக்கா?"

"தோணாமலா. நான் குடுக்கவான்னு கேட்டா, ஒனக்கு இல்ல எனக்கு இருக்குன்னு சொன்ன மாதிரி ஆயிருமேன்னு வாய மூடிக்கிட்டு இருந்தேன். ஊரு கெடக்க கெடப்பில எதச் சொல்ல எத விட. நீ கேட்டிருக்கலாம்லா."

"ஒங்கிட்டப் போயி எப்படிக் கேக்கது?"

"அதுஞ் சரி" என்றாள் பொன்மலர். "கோவம் எனக்குப் போவல கேட்டியா. மூணு நாளைக்கு ஒன் மூஞ்சில முழிக்க மாட்டேன்னு சொல்லிட்டுப் படி எறங்கலாம்னுதான் இப்ப நெனச்சேன். இவன் அழுதான். குடு முதல்ல."

சுகிர்தா கொடுத்தாள். கை கடைசிவரை போய், அங்கே கொஞ்சம் நின்று, பிறகு விட்டது. பதிலுக்குப் பொன்மலர் ஜோவிட்டாவை அவள் மடியில் போட்டாள், அவளிடமேதான் போட்டாள், போட்டுவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். கொஞ்ச நேரம் ஆரோன் புதுவாசனையில் முகத்தை அப்படியும் இப்படியும் திருப்பினான். பிறகு பிடித்துக்கொண்டான். ஒரு மடக்கு விழுங்குகிற சத்தம் கேட்டது. பின்னாலேயே இன்னொன்று. பாதியில் களைத்துத் தூங்குகிறவன் தூங்கவில்லை. ஒரு கையால் பெரியம்மாவின் விரலைப் பிடித்துக்கொண்டு, மூக்கால் மூச்சு விட்டு, மும்முரமாகக் குடித்தான்.

சுகிர்தா மடியில் பாறாங்கல் மாதிரிக் கனத்துக் கிடந்த பெண்ணை வைத்துக்கொண்டு, தன் மகன் இன்னொருத்தியிடம் குடிக்கிற ஒவ்வொரு மடக்கையும் கேட்டாள். ஒவ்வொன்றும் சுருக்கென்று குத்தியது. குத்தினாலும் நின்றுவிடக் கூடாது என்று அடுத்ததற்குக் காத்திருந்தாள். அவன் அவளைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. ஜோவிட்டா அழுகை ஓய்ந்து அவள் விரலைக் கடித்தாள். சுகிர்தா கழன்று கிடந்த கொலுசை எடுத்து, அவள் காலில் போட்டுத் திருகை இறுக்கினாள். கணுக்காலின் சதை அதை உள்ளே வாங்கிக்கொண்டது.

பொன்மலர் குனிந்து ஆரோனைப் பார்த்தாள். பாராட்ட வேண்டும் போல இருந்திருக்கும், பழக்கதோஷத்தில் வாயைத் திறந்தாள். திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

"என்னக்கா?"

"சொல்லப் பயமா இருக்குளா. சரியா வந்துட்டா?"

தன் வாய்க்குத் தானே பயப்படுகிறவள் ஊரில் இத்தனை நாள் ஒருத்திதான் இருந்தாள். சுகிர்தா அவளைப் பார்த்தாள்.

"சொல்லுக்கா. மனசுக்குள்ள சொல்லிப் பாத்துட்டு, எனக்குச் சேத்துச் சொல்லாம ஒவ்வொரு சொல்லாப் பிரிச்சுச் சொல்லு. நான் பாத்துச் சொல்லுதேன்."

பொன்மலர் உதட்டை அசைத்து அசைத்து உள்ளுக்குள் வாக்கியத்தைக் கட்டினாள். பிறகு, ஆரோன் என்றாள், ட்ரிங்க் என்கிற சொல் என்றாள், அதற்கப்புறம் மோர் என்றாள், ஃபாஸ்டர் என்றாள், அப்புறம் தேன், அப்புறம் இவ பேரு என்று ஜோவிட்டாவைக் கண்ணால் காட்டினாள். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் ஒரு மூச்சு விட்டாள். சுகிர்தா விடைத்தாள் திருத்துகிறவளைப் போல ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள், ஒரு தப்பைக் கண்டுபிடித்தாள், அது போதாது என்று மறுபடி முதலிலிருந்து பார்த்தாள்.

"ரெண்டு தப்பு இருக்கு" என்றாள்.

"அப்பச் சரி" என்று சொல்லி, பொன்மலர் அதை வாய் நிறையச் சொல்லிவிட்டு, பையனை அடுத்த பக்கத்துக்கு மாற்றிப் போட்டாள்.